அடையாக் கதவு

பரமக்குடிக்குத் தெற்கே ஒரு பொட்டல் காட்டில் மடம் ஒன்று இருந்தது. பாதயாத்திரை போகிறவர்கள் அங்கே தங்கிப் போவார்கள். மடத்தைக் கட்டியவர் இட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்: இரவோ பகலோ, கதவை அடைக்கக் கூடாது.

மடத்துக் குருவின் பெயர் உலகம்மை. சீடர் மருதப்பர் அவரைவிட வயதில் மூத்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் பிடித்தால் உடும்புப்பிடி.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள், உச்சிவேளையில், ராக்காயி என்ற யாத்திரைக்காரி வாசலில் மயங்கி விழுந்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபோது, வர நேரமாகும் என்றார்கள். அதுவரை உடம்பில் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மருதப்பர் அவளைக் கூடத்தில் கிடத்தி, இரண்டு மின்விசிறிகளையும் முழு வேகத்தில் சுற்றவிட்டார். ஈரத்துணியால் துடைத்தார். தரையெல்லாம் தண்ணீர் தெளித்தார். வாசல் வழியே அனல் வந்துகொண்டே இருந்தது. விசிறிகள் அதையே வாரி அவள்மேல் இறைத்தன. தெளித்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

உலகம்மை மேற்கு ஜன்னல்களைச் சாத்தினார். நிழல் விழும் வடக்கு ஜன்னலை மட்டும் திறந்துவைத்து, அதில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார். பிறகு வாசலுக்கு வந்தார்.

"கதவ அடைங்க" என்றார்.

"அது மட்டும் முடியாதும்மா."

"கூடம் அடுப்பா கொதிக்குது. வெயில் தாழ்ந்ததும் எல்லாத்தையும் திறந்துக்கலாம்."

"மடத்தக் கட்டின பெரியவர் வாக்கும்மா. எந்தக் கோடையிலயும் இந்தக் கதவ அடைச்சதில்ல." அவர் நிலைப்படியில் குறுக்கே நின்றுகொண்டார். "என் உயிரே போனாலும் அடைக்க விடமாட்டேன்."

"போகப்போறது உங்க உயிர் இல்லையே."

மருதப்பர் திரும்பி ராக்காயியைப் பார்த்தார். அவளுடைய உதடு வெடித்திருந்தது. நெஞ்சு வேகவேகமாக ஏறி இறங்கியது. அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

"யாருக்காக அந்த வாக்கு?" என்று கேட்டார் உலகம்மை.

"வர்றவங்களுக்காக."

"வந்தவ உள்ள கிடக்கா."

மருதப்பர் படியிலிருந்து இறங்கினார். இருவரும் ஆளுக்கொரு கதவைப் பிடித்துத் தள்ளினார்கள். துருப்பிடித்த கீல்கள் அசைய மறுத்தன. தோளைக் கொடுத்து நெட்டிய பிறகுதான் மூடின. கூடம் இருண்டது.

அப்போதும் மருதப்பருக்கு மனம் ஆறவில்லை.

"மூடின கதவப் பாத்துட்டு யாராவது திரும்பிப் போயிட்டா என்னம்மா செய்யிறது?"

உலகம்மை மூலையில் இருந்த குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பின்கட்டு வழியைக் காட்டினார்.

"இவ்வளவு நாளா வந்தவங்கள 'வாங்க'ன்னு கூப்பிட்டது கதவா, நீங்களா?"