சம்பந்தியம்மாவுக்கு ஒரு வார்த்தை

"டீக்கு ஸ்ட்ராங்காம். மழைக்கு ஹெவியாம். காத்துக்கு மறுபடியும் ஸ்ட்ராங்காம். எவன்மா இதையெல்லாம் பங்கு பிரிச்சுக் கொடுத்தான்?"

திருச்சி விமான நிலைய வாசலில் நின்று கத்தினார் சிற்றம்பலம். உரக்கடை முதலாளி, வயது அறுபது. கையில் பூச்செண்டு, கழுத்தெல்லாம் வியர்வை.

"கத்தாதீங்க அங்கிள்," என்றாள் ரெஜினா. அவர் மகள் மதிவதனியோடு படித்தவள். இப்போது அவருக்கு இங்கிலீஷ் டீச்சர்.

விமானம் இறங்கிவிட்டது. மகள் வருகிறாள், ஸ்காட்லாந்து மாப்பிள்ளை வருகிறார், முதல்முறையாக மாப்பிள்ளையின் அம்மாவும் வருகிறார்.

அந்த அம்மாவை நினைத்துத்தான் இவர் இவ்வளவு கத்தல் போட்டார்.

மகளுக்குக் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவரிடம் போனில் பேசினார். மாப்பிள்ளை மாடாய் உழைக்கிறார் என்று புகழ நினைத்து, "யுவர் சன் ஹார்ட்லி ஒர்க்ஸ்!" என்று முழங்கிவிட்டார்.

"உங்க பையன் வேலையே பாக்கறதில்லன்னு அர்த்தமாம்! பெத்த தாய்கிட்டயே சொல்லியிருக்கேன் பாரு! அதுக்கப்புறம் அந்தம்மா போனுக்கே வரல. இன்னைக்கும் உளறினேன்னு வை, அந்த வீட்டுல என் பொண்ணு எப்படித் தலை நிமிர்ந்து நிப்பா?"

"இப்ப என்ன சொல்லப் போறீங்க?"

"ரொம்ப சந்தோஷம்னுதான். அதுக்கு ஹாப்பியா, கிளாடா? வெரி போடணுமா, சோ போடணுமா? சீக்கிரம் சொல்லு டீச்சர்!"

ரெஜினா கையை நீட்டினாள். பூச்செண்டை வாங்கி, அவர் பிடியில் கசங்கியிருந்த பூக்களை நீவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது என்ன பதில்?"

"இப்போதைக்கு இதான்."

"விளையாடாதம்மா, உயிரே போகுது!"

கண்ணாடிக் கதவு திறந்தது.

"வந்துட்டா! ஏய், வந்துட்டா!" சிற்றம்பலம் குதித்தார்.

மதிவதனி கையசைத்தாள். அவளையும் முந்திக்கொண்டு, நரைத்த தலை வெள்ளைக்கார அம்மா ஒருவர் நேரே இவரை நோக்கி வந்தார். முகம் சிவந்திருந்தது.

ஹாப்பியும் போச்சு, கிளாடும் போச்சு. சிற்றம்பலம் பூச்செண்டை மறுபடியும் கசக்கினார்.

அந்த அம்மா கைகூப்பினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"வணக்கம்... சம்பந்தி. உங்க மக... கொடூரமா... நல்ல பொண்ணு."

மதிவதனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு சிற்றம்பலம் சிரித்தார் பாருங்கள், வாசலில் நின்ற கூட்டமே திரும்பிப் பார்த்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. பூச்செண்டை அந்த அம்மாவின் கையில் திணித்தார்.

"நான் வெரி! சோ! ஹாப்பி! கிளாட்! எல்லாந்தாம்மா!"

அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே திரும்பி, ரெஜினாவிடம் கேட்டார்.

"சரியா, டீச்சர்?"

சிற்றம்பலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இவங்களுக்கும் நீதானா?"

"வீடியோல எங்கிட்ட தமிழ் கத்துக்கிட்டுத்தான் உங்ககிட்ட பேசுவேன்னு ஒரே பிடிவாதம் அங்கிள். அதான் போனுக்கு வரல." ரெஜினா குரலைத் தாழ்த்தினாள். "அவங்க ஊர்ல 'டெரிப்ளி குட்'னா ரொம்ப ரொம்ப நல்லதுன்னு அர்த்தம். அதை அப்படியே தமிழாக்கிட்டாங்க. எவ்வளவு சொல்லியும் அந்தக் 'கொடூரமா'வை விடமாட்டேங்கறாங்க. இப்பவே திருத்திடட்டுமா?"

"திருத்திப் பாரு," என்றார் சிற்றம்பலம், "தெரியும் சேதி!"