கொஞ்சம் தள்ளி நில்லுங்க

"ஒரு படங்கூட உருப்படியா விழ மாட்டேங்குது, கனி," என்றார் ஆவுடையப்பன் சார்வாள்.

கேமராவை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்று மரியாதைக்காகச் சொல்கிறோம்.

ஜெபக்கனி அதை எடுத்து லென்சுக்கு மூடி போட்டாள்.

"என்ன குறைச்சல் சார்வாள்?"

"குறைச்சல் எங்க இருக்கு? எல்லாம் கூடுதல். குறுக்க ஏழு வயரு. ஒரு பக்கம் சடங்கு வீட்டு பேனரு, அதுல பதினாறு தாய்மாமன் கும்பிட்டுக்கிட்டு நிக்கான். இந்தப் பக்கம் ரெண்டு ஆட்டோ. கீழ பாத்தா எலுமிச்சம்பழக் கூடை, குடைக் கம்பி, தையல் மிஷினு. அம்புட்டும் போக மிச்சம் இருக்கதுதான் கட்டடம்."

முப்பத்துநாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எரிச்சல் வந்தாலும் எண்ணிவிட்டுத்தான் எரிச்சல்படுவார்.

ஜெபக்கனிக்கு வயது முப்பத்தாறு. பத்தாம் வகுப்பில் அவரிடம் கணக்குப் படித்து இரண்டு தடவை கோட்டை விட்டவள். பெரிய கடைவீதியில் மாடிப்படி ஏறினால் அவளுடைய ஸ்டூடியோ. பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து, எல்லாம் எடுப்பாள்.

ஓய்வு பெற்ற மறுவாரமே சார்வாள் அந்தப் படியில் ஏறினார். எனக்குப் படம் எடுக்கச் சொல்லிக்குடு என்று கேட்டார். அன்றிலிருந்து அவள் குரு, அவர் சீடர். கடைவீதியே சிரித்தது. சார்வாள் சிரிக்கவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் குறிப்பெடுத்தார்.

அவர் எடுக்கப் போனது அதே கடைவீதியில் இருக்கும் நெல்லுமண்டி மணிக்கூண்டு.

கீழே ஒன்பது வளைவு, மேலே கூண்டு. கூண்டில் இருக்கும் கடிகாரம் ஏழு நிமிஷம் முந்தி ஓடும். யாரும் அதைத் திருத்தியதில்லை. ஏழைக் கழித்துக்கொண்டுதான் அந்த ஊரில் எல்லாரும் பஸ் பிடிப்பார்கள்.

வளைவுகளுக்குக் கீழே முப்பத்தோரு பேர் பிழைப்பு நடந்தது. தையல், பூக்கட்டு, எலுமிச்சம்பழம், குடை ரிப்பேர், பூட்டுச் சாவி.

அதை இடித்துவிட்டு மாடி மாடியாகக் கார் நிறுத்தலாம் என்று ஒரு யோசனை வந்திருந்தது. பழைய கட்டடம் என்று பதிந்து காப்பாற்றலாமா என்று பார்க்க ஒரு குழுவும் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் குழு கூடும். அதற்குள் ஒரு விண்ணப்பம், முகப்பு முழுவதும் தெரிகிற ஒரு படம். அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள்.

முப்பத்தோரு பேரும் சார்வாளை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். பூட்டுக்காரர் செய்யதலி பாய் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும் சார்வாள்," என்றார்.

சார்வாளுக்கு அன்றைக்குத் தூக்கம் போயிற்று. மூன்று வாரமாக அதே படத்துக்குத்தான் அலைகிறார்.

ஜெபக்கனி கேமராவில் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். இருநூற்றுச் சொச்சம் படம். ஒன்றில் நின்றாள். பூக்காரி இசக்கியம்மாள் வாயில் நாரைக் கவ்விக்கொண்டு யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள்.

"இது நல்லாருக்கு."

"அது பூக்காரில்லா?"

"ஆமா."

"நான் கட்டடத்துக்குப் போனேன் கனி. அவ தலை நாலாவது வளைவ மறைக்கி."

"ஆமா."

சார்வாள் கேமராவை வாங்கி அங்கேயே அந்தப் படத்தை அழித்தார்.

குருவாக வந்தவர்கள் வாயைத் திறந்து நாலு வார்த்தை விளக்கமாகச் சொன்னால் என்ன என்று நமக்கும் தோன்றத்தான் செய்கிறது. சொல்ல மாட்டார்கள். அது அவர்கள் சுபாவம்.

*

செவ்வாய்க்கிழமையும் போனார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எம்மா, கூடைய எடு. ஐயா, ஆட்டோவ முன்னால விடு. பாய், ஒரு நிமிஷம் எந்திரிங்க."

எழுந்தார்கள். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் வந்து நின்றார். பூ வாங்க, பூட்டுத் திறக்க, மணி பார்க்க. மணிக்கூண்டுக்கு முன்னால் நின்று மணி பார்க்காதே என்று யாரிடம் சொல்வது?

"ஒரே ஒரு நிமிஷம் இந்த ஊரு ஆளில்லாம இருக்காதாய்யா," என்று சார்வாள் நடுத்தெருவில் நின்று கத்தினார்.

செய்யதலி பாய்க்குப் பாவமாக இருந்தது.

"நாளைக்கு ஒரு அரை மணி நேரம் நாங்க எல்லாரும் காலி பண்ணித் தாரோம் சார்வாள். நீங்க நிம்மதியா எடுங்க. நமக்காகத்தான பாடுபடுதிய."

சொன்னபடியே செய்தார்கள்.

புதன்கிழமை காலையில் தையல்காரர் சுடலைமுத்து மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். இசக்கியம்மாள் பூக்கூடையை ஈரத்துணியோடு தூக்கினாள். பாய் சாவிப் பலகையையும் தன் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டார். ஆட்டோக்காரர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சடங்கு வீட்டுக்காரர் வந்து பதினாறு தாய்மாமன்களையும் கோரைப்பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி எடுத்தார். கேபிள்காரர் ஏணி வைத்து ஏழு வயரையும் கயிற்றால் ஓரமாக இழுத்துக் கட்டினார்.

எல்லாரும் எதிர்ப்பக்கம் சார்வாளுக்குப் பின்னால் போய் நின்றார்கள். தெருவின் இரண்டு முனையிலும் ஆட்களைப் போட்டு மறித்தார்கள்.

சார்வாள் எடுத்தார். ஒன்பது வளைவும் ஒன்பதாகத் தெரிந்தன. தரையில் ஒரு பூ இதழ்கூட இல்லை.

"நல்லா வந்துருக்கா சார்வாள்?" என்று இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

பார்த்தவள் முகம் சுருங்கியது.

"எங்க இடமா இது? துட்டி வீட்டுல பொணத்தத் தூக்கிட்டு எல்லாரும் போனப்பறம் இருக்க மாதிரில்லா இருக்கு."

"உனக்கு இதெல்லாம் புரியாது," என்றார் சார்வாள். அவருக்கு அத்தனை சந்தோஷம்.

*

வியாழக்கிழமை படத்தைப் பிரிண்ட் போட ஸ்டூடியோவுக்கு வந்தார்.

ஜெபக்கனி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எப்படி?" என்றார் அவர்.

"சுத்தமா இருக்கு."

"அம்புட்டுத்தானா?"

"ரொம்பச் சுத்தமா இருக்கு."

மூன்று வாரம் நாய்படாத பாடு பட்டவனுக்கு இவ்வளவுதான் பாராட்டா என்று அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார். இன்னொரு வேலை பாக்கி இருந்தது.

"விண்ணப்பத்துல என் பாஸ்போர்ட் சைஸ் ஒண்ணு ஒட்டணுமாம். எடுத்துக் குடு."

நீலத் திரைக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார வைத்தாள். தலையைச் சீவிக்கொள்ளச் சொன்னாள். மோவாயைத் தாழ்த்தச் சொன்னாள். காலர் பட்டனைப் போடச் சொன்னாள். பிறகு கேமராவில் கண்ணை வைத்தாள்.

"சார்வாள், கொஞ்சம் எந்திச்சுத் தள்ளி நில்லுங்க."

"என்னத்துக்கு?"

"வெளிச்சம் பாக்கணும்."

எழுந்து நின்றார். ஃபிளாஷ் அடித்தது.

"சரி சார்வாள், முடிஞ்சது."

"நான் இன்னும் திரும்ப உக்காரவே இல்லையே."

"அதெல்லாம் வந்துரும். நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

திரும்பி வந்தபோது கவரை ஒட்டியே கொடுத்தாள். அவருக்கு மணிக்கூண்டுப் படத்திலேதான் கண். கவரை ஃபைலுக்குள் போட்டுக்கொண்டு போனார்.

*

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குக் குழுவின் அலுவலகத்தில் இருந்தார்.

அலுவலர் கண்ணாடி போட்ட அமைதியான மனுஷர். எழுந்து நின்று கும்பிட்டார். விண்ணப்பத்தைப் படித்தார். முப்பத்தோரு கையெழுத்தையும் பார்த்தார்.

"உங்க போட்டோ ஒட்டலையே சார்."

சார்வாள் கவரைக் கிழித்தார். எட்டுப் படம் மேசையில் விழுந்தன.

எட்டிலும் நீலத் திரை. எட்டிலும் ஒரு ஸ்டூல். வேறு ஒன்றும் இல்லை.

அலுவலர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நீங்க இல்லையே சார்."

"நான்தான் உக்காந்திருந்தேன்," என்றார் சார்வாள். காது மடல் சிவந்துவிட்டது. "எந்திக்கச் சொல்லிட்டு எடுத்திருக்கா. கிறுக்கி."

"பரவால்ல, அப்புறம் ஒட்டிக்கலாம்." அவர் மணிக்கூண்டுப் படத்தைக் கையில் எடுத்தார். முகம் மலர்ந்தது. "அருமையா எடுத்திருக்கீங்க. இவ்வளவு தெளிவா யாரும் கொடுத்ததில்ல."

சார்வாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அலுவலர் பேனாவைத் திறந்தார். 'தற்போதைய பயன்பாடு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார்.

"என்ன எழுதுறீங்க?"

"பயன்பாட்டுல இல்லைன்னு."

"முப்பத்தோரு பேரு இருக்காங்களே. கையெழுத்துப் போட்டிருக்காங்களே."

"எங்க இருக்காங்க சார்?"

"அங்கதான். அந்த வளைவுக்குக் கீழ."

அலுவலர் படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பக்கத்திலேயே எட்டு ஸ்டூல்களும் கிடந்தன.

சார்வாள் இதைப் பார்த்தார். அதைப் பார்த்தார்.

அவர் கையை நீட்டினார்.

"அந்தப் படத்தக் குடுங்க."

"ஏன் சார்?"

"தப்பான படம்."

"இதைவிட நல்ல படம் வராது சார். நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா குழுவுல படத்தத்தான் பாப்பாங்க. ஆளே இல்லாத கட்டடத்த எதுக்குக் காப்பாத்தணும்னு கேப்பாங்க."

"வேற கொண்டு வாரேன்."

அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு ஃபைல் உள்ள போயிரும். அதுக்குள்ள வந்தா சரி."

*

மணிக்கூண்டில் ஒன்று இருபத்தைந்து. ஏழைக் கழித்தால் ஒன்று பதினெட்டு. சார்வாள் ஆட்டோவிலிருந்து குதித்தார். அறுபத்திரண்டு வயசில் குதிக்கக் கூடாதுதான்.

அவர் கழுத்தில் கேமராவைப் பார்த்தாரோ இல்லையோ, சுடலைமுத்து தையல் மிஷினைத் தூக்கிவிட்டார். இசக்கியம்மாள் கூடையை எடுத்தாள். ஆட்டோக்காரர்கள் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்தில் அப்படிப் பழக்கி வைத்திருந்தார்.

"ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது," என்றார் சார்வாள்.

சுடலைமுத்து மிஷினோடு நின்றார்.

"மூணாவது வளைவு மறைஞ்சிரும்னியளே?"

"உக்காரும்வே."

"நான் போயிருதேன் சார்வாள், என் தலை உங்களுக்கு..." என்றாள் இசக்கியம்மாள்.

"எம்மா, கெஞ்சிக் கேக்கேன், உக்காந்து பூவக் கட்டு."

ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தார்கள். சார்வாள் கேமராவில் கண்ணை வைத்தார்.

எல்லாம் பழைய இடத்துக்கே வந்திருந்தன. வயர் ஏழு. தாய்மாமன் பதினாறு. எலுமிச்சம்பழத்துக்குப் பேரம் நடந்தது. ஒரு அம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து மணி பார்த்தாள். சார்வாள் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு போனார். பட்டனில் விரல் இருந்தது.

விரலை எடுத்துவிட்டார்.

ஜெபக்கனி மாடியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"நீங்க போன்ல சொன்னதுமே பிரிண்டரப் போட்டு வச்சிட்டேன் சார்வாள். நேரமாகுது. எடுங்க."

அவர் கேமராவை இறக்கவில்லை.

"என்ன குறைச்சல்?" என்றாள்.

"ஒரு ஆளு குறையுது."

ஏழாவது வளைவுக்குக் கீழே சாவிப் பலகை தொங்கியது. அதன் முன்னால் ஸ்டூல் காலியாக இருந்தது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா," என்றார் சுடலைமுத்து. "பாய் தொழுகைக்குப் போயிருக்காரு. வாரதுக்கு ஒண்ணே முக்கால் ஆயிரும். ஒரு ஆளு இல்லாட்டி என்ன சார்வாள்? முப்பது பேரு இருக்கோம்லா."

சார்வாளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. மூன்று வாரமாக ஏறிய எரிச்சல்தான். ஆனால் அப்போதெல்லாம் ஆள் இருக்கிறதே என்று ஏறியது.

"ரெண்டு மணிக்குக் குடுக்கணும்," என்றாள் ஜெபக்கனி.

"தெரியும்."

"பிந்திட்டா எல்லாம் போயிரும்."

"தெரியும் கனி. வரட்டும்."

கூண்டில் ஒன்றரை ஆயிற்று. ஒன்று முப்பத்தைந்து ஆயிற்று. ஒன்று நாற்பத்தெட்டுக்குச் செய்யதலி பாய் தெருமுனையில் திரும்பினார். தலையில் தொப்பி, கையில் செருப்புப் பை. மெதுவாகத்தான் வந்தார், அவருக்கு மூட்டுவலி.

கேமராவைப் பார்த்தார். அந்த இடத்திலேயே நின்றார். அவசர அவசரமாகச் சுவர் ஓரம் ஒதுங்கி, வயிற்றைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நீங்க எடுங்க சார்வாள். நான் மறைக்கல."

சார்வாள் கையை நீட்டிக் காலி ஸ்டூலைக் காட்டினார்.

"மறைங்க பாய்," என்றார்.