பொழி வெட்டுவதற்கு முந்தின நாள்

"அம்மா, கண்ணை மூடினா ஒரு முகம் வருது. அதை எப்படி விரட்டுறது?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

பகவதியம்மை தையல் மிஷினை நிறுத்தவில்லை. ரவிக்கை தைப்பது அவர் தொழில். வயது நாற்பத்து நான்கு. தாணுலிங்கத்துக்கு அறுபத்து மூன்று. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் பகவதியம்மையைக் குரு என்று சொன்னதில்லை. தாணுலிங்கம் மட்டும் இரண்டு வருடமாக வியாழன்தோறும் வந்து எதிரே பாயில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

"யார் முகம் ஐயா?"

"எங்க அண்ணன்."

"தவறிட்டாரா?"

"இல்லம்மா. பொழிமுகத்துக்கு அந்தப்பக்கம் இருக்கான்."

பகவதியம்மை நூலை வெட்டினார்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

பஸ்ஸில்தான் தாணுலிங்கம் முழுவதையும் சொன்னார். அண்ணன் குமரேசன் பட்டாளத்தில் இருந்தவர். பதினேழு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது அஸ்ஸாமில் இருந்தார். நான் வரும்வரை உடலை வைத்திரு என்று போனில் சொன்னார். தாணுலிங்கம் வைத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே கொள்ளி வைத்துவிட்டார். மறுநாள் மதியம் குமரேசன் வந்தார். நேராகச் சுடுகாட்டுக்குப் போய் நின்றார். பெட்டியைக்கூட வீட்டுக்குள் வைக்காமல் திரும்பிப் போனார். அதே வருடம் ஓய்வு பெற்று அக்கரையில் குடியேறினார்; தம்பியோடு பேச்சில்லை.

"ராத்திரி உடம்பை வைக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தாணுலிங்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

இறக்கிவிட்டு பஸ் போன பிறகு தென்னைகளுக்கு நடுவே நடந்தார்கள். பிறகு தாழம்புதர். பிறகு மணல்.

அங்கே ஒரு கடை இல்லை. உட்கார ஒரு பெஞ்சு இல்லை. விளக்குக் கம்பம் இல்லை. ராவணன் மீசைப் புல்லின் உருண்டைகள் காற்றில் உருண்டு ஓடின. ஆள் நடமாட்டம் தெரிந்ததும் நண்டுகள் வளைக்குள் மறைந்தன.

ஆறு கடலில் சேருகிற பொழிமுகம் அது. ஆனால் சேரவில்லை. கோடையில் அலை கொண்டுவந்து போட்ட மணல் ஆற்றின் வாயை அடைத்திருந்தது. இந்தப்பக்கம் ஆறு அசையாமல் நின்றது. அந்தப்பக்கம் கடல் அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வண்டிப்பாதை அகலத்துக்கு மணல், அக்கரை வரைக்கும்.

"என்ன அமைதி பாருங்கம்மா! இங்கேயே ஒரு குடிசை போட்டு உட்கார்ந்தா மனசு தன்னால அடங்கிரும்."

"உட்காருங்க."

உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

பகவதியம்மை ஆற்றில் கால் கழுவினார். பையிலிருந்து அவித்த மரச்சீனிக் கிழங்கை எடுத்துப் பிரித்துத் தின்னத் தொடங்கினார்.

வெகுநேரம் கழித்துத் தாணுலிங்கம் கண்ணைத் திறந்தார்.

"வந்தாரா?"

"வந்தான்."

பகவதியம்மை அவருக்கும் ஒரு துண்டு கிழங்கு கொடுத்தார்.

அப்போது இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரிலிருந்து ஒருத்தி கரையேறினாள். மட்டிச் சிப்பி பொறுக்குகிறவள். கூடையைத் தலையில் தூக்கி வைத்தபடி கேட்டாள்:

"அக்கரைக்கா போறிய? போறதுன்னா இப்பமே வாங்க. மேல நல்ல மழை, வயல்ல எல்லாம் வெள்ளம் ஏறிட்டு. நாளைக்குக் காலைல இந்த மண்ணை அறுத்துப் பொழி வெட்டப் போறாவ. வெட்டினா ஆறு கடலுக்குப் பாஞ்சிரும், நடக்க முடியாது."

"அக்கரையில பட்டாளத்துக் குமரேசன்னு..." என்றார் பகவதியம்மை.

"எங்க தெருவுதான். பாவம், இப்பம் அவருக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு வருசமாச்சு."

தாணுலிங்கத்தின் கையில் கிழங்கு அப்படியே இருந்தது.

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றார்.

பிறகு எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அம்மா, இன்னைக்கு வேண்டாம். என்ன பேசணும்னு யோசிச்சு வச்சுக்கிட்டு, ரோடு வழியா வந்து பார்க்கிறேன். பாலம் சுத்தி இருபது கிலோமீட்டர்தானே."

"பதினேழு வருஷமும் அந்த ரோடு இருந்துதே ஐயா."

தாணுலிங்கம் கிழங்கைப் பையின் மேல் வைத்தார்.

"போய் என்னம்மா சொல்லுவேன்?"

"எனக்கு உங்க அண்ணனைத் தெரியாது."

மட்டிக்காரி ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தாள். தாணுலிங்கம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீங்க வரலையா?"

"அந்தப்பக்கம் எனக்கு யாரு இருக்கா?"

மணல்திட்டின் நடுவில் ஒரு பள்ளம். அந்த இடத்தில் ஆறு வழிந்து கடலுக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. முழங்காலுக்குத் தண்ணீர். காலடி மணல் கரைந்து ஓடுவது அவருக்குத் தெரிந்தது. மட்டிக்காரி கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு கடந்தார். திரும்பிப் பார்த்தபோது பகவதியம்மை தாழம்புதருக்குள் நடந்துகொண்டிருந்தார்.

அக்கரையில், மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தில் சாய்ந்து குமரேசன் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. முகம் கடல் பக்கம் இருந்தது.

கண்ணை மூடும்போது வருகிற முகம் இது இல்லை. அது நாற்பத்தொன்பது வயது முகம். மீசை கறுத்து, தாடை இறுகி இருக்கும். இதில் கோபம் இருந்த தடம்கூட இல்லை. சவரம் செய்யும்போது தாடையில் ஒரு இடம் விட்டுப்போயிருந்தது.

"யாரு?" என்றார் குமரேசன்.

பள்ளத்தைக் கடக்கும்போது தாணுலிங்கம் நான்கு வாக்கியங்கள் தயார் செய்திருந்தார். வீட்டில் கூட்டம், மழைக்கால இருட்டு, பெரியவர்களின் அவசரம், தன் பயம். கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார்.

"யாருன்னு கேக்கேன்லா?"

"தாணு."

மட்டிக்காரி கூடையோடு ஓசையில்லாமல் விலகிப் போனாள்.

அலை வந்து திரும்பியது. இன்னொன்று வந்து திரும்பியது. குமரேசனின் கை பக்கத்து மணலைத் தடவிக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்கிறாரா, சும்மாவா என்று தெரியவில்லை. தாணுலிங்கம் அங்கே உட்கார்ந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் அண்ணா. உனக்காகக் காத்திருந்திருக்கணும். யாரும் என் கையைப் பிடிச்சு இழுக்கல. நானாத்தான் கொள்ளி வச்சேன்."

குமரேசன் முகத்தைத் தம்பி பக்கம் திருப்பிக் கேட்டார்:

"அன்னைக்கு அம்மைக்கு என்ன சீலை உடுத்தி விட்டிய?"

பதினேழு வருடத்தில் எத்தனையோ கேள்விகளுக்குத் தாணுலிங்கம் பதில் தயாரித்திருந்தார். இதற்கு இல்லை.

"பச்சை" என்றார். "அரக்குக் கரை போட்ட பச்சை."

"நான் வாங்கிக் குடுத்தது."

"ஆமா."

"தலை சீவி விட்டியளா?"

"சித்தி சீவி விட்டா. பிச்சிப்பூ வச்சா."

குமரேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

"மெதுவாச் சொல்லு" என்றார். "மொதல்ல இருந்து சொல்லு."