கம்பியில் குத்தாத சீட்டு

குலசேகரன் பேர்போன சர்ஜன். அப்படிப்பட்டவர் தன்னைவிடப் பத்து வயது இளைய ரெஹானாவின் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரியே வாயைப் பிளந்தது.

காரணம் ஒரே ஆள்தான். ஈரோட்டுச் சாயப்பட்டறைத் தொழிலாளி மருதமுத்து. சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி. குலசேகரன் சுரண்டிச் சுத்தமாக எடுப்பார், அது மறுபடி முளைக்கும். இப்போதும் முளைத்துவிட்டது.

"என்னால முடியல மேடம்," என்றார் அன்று காலை. "வளரச் சொல்ற மரபணுவைப் பார்த்தாச்சு. ஒரு எழுத்துகூட மாறல. அப்புறம் எதுக்கு இந்தச் சனியன் வளருது? சாயங்காலம் அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"பசிக்குது சார். கேன்டீன் போவோமா?"

குலசேகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் போனார்.

அவர் ஒரே ஒரு தோசை சொன்னார். ரெஹானா எழுந்துபோய், பரிமாறும் தங்கராசுவின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

தோசை வந்தது. சாப்பிட்டார். இன்னொன்று வந்தது. "நான் கேக்கலையேப்பா!" என்று பக்கத்து மேஜைக்குத் தள்ளினார். மறுபடி வந்தது. அதையும் தள்ளினார். அடுத்ததும் வந்து நின்றது.

"என்னய்யா, விளையாடுறீங்களா?" சமையலறை ஜன்னலுக்கே போய்க் கத்தினார்.

தோசை மாஸ்டர் நிமிரக்கூட இல்லை. "நான் என்ன சார் பண்ணட்டும்? தோசை போனதும் ஆர்டர் சீட்டைக் கம்பியில குத்திடணும், அதோட அந்த ஆர்டர் முடிஞ்சுது. இங்க சீட்டு என் கண்ணு முன்னாடியே நிக்குது. சுடுறேன்."

தங்கராசு சீட்டை விரலிடுக்கில் பிடித்தபடி இளித்தான். "மேடம்தான் சார் விடாதேன்னாங்க."

குலசேகரன் அந்த விரல்களையே பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"மரபணு அனுப்புற செய்தி, அந்த ஆர்.என்.ஏ., வேலை முடிஞ்சதும் சிதையணும்," என்றார் மெதுவாக.

"சிதையும். ஆனா அதைப் பிடிச்சுக்கிட்டுச் சிதைய விடாத புரதம் ஒண்ணு இருக்கு. மருதமுத்து கட்டியில அது எக்கச்சக்கம். அவரோட செல்லை லேப் தட்டுல வளர்த்து, நேத்து அந்தப் புரதத்தை அடக்கிப் பார்த்தேன்."

"என்னாச்சு?"

"செய்தி சிதைஞ்சிருச்சு. செல் பெருகுறதும் குறைஞ்சிருச்சு."

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. சட்டென்று முகம் வாடியது. "அப்போ இத்தனை நாள் நான் வெட்டினதெல்லாம் வீணா?"

"தோசையை எடுக்காம விட்டா மேஜை தாங்குமா சார்? இப்ப முளைச்சிருக்கிற கட்டியையும் வெட்டுங்க."

"அவர்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"மருந்து இன்னும் வரல, அதை மறைக்காதீங்க. பிடிச்சிருக்கிற விரல் எதுன்னு தெரிஞ்சுபோச்சு, அதைப் பிரிக்கத்தான் தலை நரைச்ச வயசுல படிக்க வந்திருக்கேன்னு சொல்லுங்க."