அறுபத்திரண்டு மார்க் வாங்கிய தங்கக் காசு

“மூணாவது தடவையும் அறுபத்திரண்டுதாம்மா! என்னைச் சோதிக்கிறாங்க.”

வந்ததும் வராததுமாகப் பரமதயாளன் புலம்பினார். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிஷ்யராகி ஆறு வருடம். இன்னும் செருப்பை வாசலில் சேர்த்து விடத் தெரியாது.

குற்றாலத்து அடிவாரத்தில் ஆசிரமம். கோமதியம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். குருவுக்கும் சிஷ்யருக்கும் ஒரே வயது. பொறுமைதான் அம்மைக்குக் கொஞ்சம் கம்மி.

“எதுக்கு அறுபத்திரண்டு?”

பைக்குள் டப்பா. டப்பாவுக்குள் துணி. துணிக்குள் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூடு. அதற்குள் ஒரு தங்கக் காசு.

“அமெரிக்காவோட இருபது டாலர். ஆயிரத்து எண்ணூத்து அறுபத்தொண்ணுல அடிச்சது. உலகத்துலயே கொஞ்சம்தான் மிச்சம்.”

“மார்க் போடறது யாரு?”

“அங்கே ஒரு கம்பெனி. எழுபதுக்குப் போடுவாங்க. போட்டு, கூட்டுல அடைச்சு ஒட்டிருவாங்க. மார்க் பிடிக்கலைன்னா கூட்டை உடைச்சு மறுபடி அனுப்பலாம். எல்லாரும் செய்றதுதான். அறுபத்து மூணு மட்டும் கிடைச்சிட்டா, இந்தியாவுலயே என்கிட்டதான் இருக்கும்.”

“காசு அதேதானே?”

“காசு அதேதான்.”

அம்மை ஒரு காம்பை வெடுக்கென்று ஒடித்தாள்.

“எவ்வளவு நேரம் பார்ப்பாங்க?”

“மூணு பேர் பார்ப்பாங்க. ஆளுக்குப் பத்து நொடி இருக்கும்.”

“நீங்க?”

“பத்தொன்பது வருஷமாப் பாக்கிறேன்மா. கண்ணை மூடினாலும் தெரியும். அதுல இருக்கிற பொண்ணு கன்னத்துல, உதட்டுக்கும் காதுக்கும் நடுவுல ஒரு கீறல். மயிரிழைதான். மூட்டையில மத்த காசுகளோட கிடந்து உரசினது. தலையைச் சுத்திப் பதின்மூணு நட்சத்திரம். அதுல ஏழாவது…”

“வந்த காரியம்?”

அவர் பையிலிருந்து ஒரு கட்டிங் பிளேயரை எடுத்துக் கீரைத் தட்டில் வைத்தார்.

“உங்க கையால உடைச்சுக் குடுங்க. ராசியான கை. நாலாவது தடவை அனுப்பப்போறேன்.”

குருவாக இருப்பதில் இதுதான் தொல்லை. ஆறு வருடம் ஒருவருக்கு ஆன்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். கடைசியில் பிளேயரோடு வந்து நிற்பார்.

வெளியே கார் ஹாரன் அடித்தது. ஒரே ஒரு தடவை.

“யாரு அது?”

“மனோரஞ்சிதம். என் வீட்டுக்காரி.”

“உள்ளே கூப்பிட வேண்டியதுதானே?”

“வரமாட்டாளாம். தென்காசி பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிடணும். அம்பாசமுத்திரத்துல அக்கா வீட்டுக்குப் போறா.”

“என்ன விசேஷம்?”

“விசேஷம் ஒண்ணுமில்லை. காலையில கூரியர் வந்துது. இந்த அறுபத்திரண்டைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டேனா, இட்லிக்கு அம்பத்தஞ்சு போடலாம்னு சொல்லிட்டேன். விளையாட்டுக்குத்தான். பொட்டியைக் கட்டிட்டா.”

“எப்போ திரும்புவா?”

“சொல்லலை.”

“கேட்டீங்களா?”

“எனக்கு நினைப்பெல்லாம் காசு மேலயே இருந்துது.”

அம்மை கண்ணை மூடித் திறந்தாள். ஜபம் இல்லை. வாயில் வந்ததை விழுங்கினாள்.

“சரி. நாலாவது தடவை அனுப்பினா அறுபத்து மூணு வந்துருமா?”

பரமதயாளனின் குரல் இறங்கிவிட்டது.

“அதுதாம்மா பயமா இருக்கு. ஒவ்வொரு தடவை உடைக்கும்போதும் எதுவும் பட்டுரலாம். அறுபத்தொண்ணா இறங்கலாம். வழியில தொலைஞ்சே போகலாம். போனது திரும்பி வரும்னு என்ன நிச்சயம்? மூணு தடவை வந்து சேர்ந்ததே பெரிசு. ராத்திரி தூக்கம் இல்லை.”

கீரை உருவிய கை நின்றது.

“உங்க வீட்டுக்காரி அக்கா வீட்டுக்குப் போறது எத்தனையாவது தடவை?”

“கோவிச்சுக்கிட்டா?”

“கோவிச்சுக்கிட்டு.”

அவர் விரலை மடக்கினார். மகள் கல்யாணத்துக்கு முந்தின வருடம் ஒன்று. மனோரஞ்சிதத்துக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது, இவர் ஏலம் பார்க்க பம்பாய் போனாரே, அது ஒன்று. போன பொங்கலுக்கு ஒன்று.

நாலாவது விரல் மடங்கவில்லை.

வெளியே கார்க் கதவு திறந்து மூடியது. சரளைக்கல்லில் பெட்டியின் சக்கரம் கடகடவென்று உருண்டது. யாரோ ஓர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள்.

பரமதயாளன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, வாயைத் திறந்துகொண்டு, அம்மையையே பார்த்தார்.

“எம் மூஞ்சியை எதுக்கய்யா பாக்கிறீங்க?”