மஞ்சள் பொட்டு

வாய் இருப்பவர் ஃபோர்மேன், கை இருப்பவள் எடுபிடி என்றுதான் திண்டுக்கல்லில் அந்தப் பைக் பட்டறை நடந்தது. ஃபோர்மேன் கனகசபை தான் முடுக்கிய போல்ட்டில் மஞ்சள் பெயின்ட்டால் பொட்டு வைப்பார். "இது என் கையெழுத்து. வேற யாரும் தொடக் கூடாது!" என்று அந்தப் புட்டியைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்.

ஒருநாள் முதலாளியின் பைக்கில் ஆயில் ஃபில்டர் மூடி ஒழுகி, அவருடைய வெள்ளை வேட்டி பாழானது. "எவன் மாட்டினது?" என்று கத்தினார்.

"இவதாங்க," என்று கனகசபை கூசாமல் எடுபிடி பிலோமினாவைக் காட்டினார். வண்டி கழுவுவதும் கழித்த சாமானை அள்ளுவதும்தான் அவளுக்குக் கொடுத்த வேலை. "புதுசா ஒரு சாமானும் கிடையாது. இப்பவே ஒழுகலை நிறுத்து. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!" என்று அவளையே விரட்டினார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குரல் மட்டும் பணிவாக வந்தது.

"சாமான் வேண்டாம்ண்ணே, உள்ளே ஒண்ணு கூடுதலா இருக்கு. ஃபில்டர் மாத்தின அன்னிக்குப் பழைய ரப்பர் வளையம் குப்பைக்கு வரலை. ஆனா முதலாளி, போல்ட்டுல மஞ்சள் பொட்டு இருக்கே, நான் தொடலாமா?"

முதலாளி பொட்டைப் பார்த்தார். பிறகு கனகசபையின் சட்டைப் பையைப் பார்த்தார்.

பிலோமினா மூடியைக் கழற்றினாள். புது வளையத்துக்கு அடியில் பழையது நசுங்கி ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்தெறிந்து மூடியை முடுக்கினாள். ஒழுகல் நின்றது.

முதலாளி கனகசபையிடமிருந்து புட்டியைப் பிடுங்கி அவளிடம் நீட்டினார். "பொட்டு வைம்மா."

"மஞ்சள் வேண்டாம் முதலாளி. அது ஒழுகுற நிறம். எனக்குப் பச்சை வாங்கிக் கொடுங்க."