பேச்சியம்மா கேட்ட லீவு

போடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அதன் முதல்வர் ஞானசிகாமணி சர்க்குலர் போட்டால் அங்கே காக்கைகூடக் கரையாது. ஆயா வேலை பார்த்த பேச்சியம்மா, குடும்பத்தோடு மலைக்குப் போய்க் குறிஞ்சிப் பூ பார்க்க, அங்கேயே படிக்கும் மகள் தேன்மதிக்கு லீவு கேட்டாள்.

"பள்ளிக்கூடம் நடக்கும்போது ஊர் சுத்தணுமா? மே மாசம் போங்க!" எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் அதட்டினார் முதல்வர்.

"சரிங்க சார். பன்னிரண்டு வருசம் கழிச்சு இப்பத்தான் பூத்திருக்கு. மே மாசம் வரைக்கும் உதிரக் கூடாதுன்னு அந்தப் பூவுக்கும் ஒரு சர்க்குலர் போட்டுருங்க."

ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு லீவு கொடுத்தார்.

கண் போகிற தூரமெல்லாம் மலை நீலமாகக் கிடந்தது. தேன்மதி அசையாமல் நின்றாள்.

"அம்மா, இங்க செருப்போட நிக்கலாமா?" என்று மெல்லக் கேட்டாள்.

பேச்சியம்மா குனிந்து தன் செருப்பைக் கழற்றினாள்.